மலையகத்தில் வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி: எந்தச் செயலிக்குக் காசு கொடுக்கலாம்?

ஹட்டன்_மிதி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மே மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்து மழை எப்படி என்று தெரியும்தானே. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் காலையிலேயே கொட்டத் தொடங்கிவிடும். பனிமூட்டமும் சேர்ந்தால் எதிரே வருகிற பஸ்காரருக்கு நம்மைத் தெரியாது. அதனால் பாவித்த ஸ்மார்ட் ட்ரெய்னர் ஒன்று வாங்கியிருக்கிறேன், சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்க, செயலி சொல்கிறபடி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை நேரே மாட்டுகிற டைரக்ட் டிரைவ் வகை. இனி செயலிதான் பாக்கி.

ஸ்விஃப்ட், மைவூஷ், ரூவி, ட்ரெய்னர்ரோட் என்று நாலு பெயர் காதில் விழுந்திருக்கிறது. என்னிடம் கொஞ்சம் பழைய லெப்டொப்பும் ஓர் ஆண்ட்ரொய்ட் போனும் இருக்கின்றன. வீட்டில் 4ஜி ரவுட்டர், டேட்டா அளவோடுதான். பெப்ரவரியில் ஹட்டனில் தொடங்கி தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, ஹக்கல, வெலிமடை வழியாக ஒரே நாளில் பண்டாரவளை போய்ச்சேர வேண்டும், அதுதான் இலக்கு. மாதாமாதம் டொலரில் போகிற காசு, ஆகவே அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கண்டிச்_சக்கரம் எழுதியது:

தம்பி, ஸ்விஃப்ட் எடுங்கள். 2014 இல் தொடங்கிய செயலி அது. இன்றைக்கும் கூட்டம் அங்கேதான். விடியற்காலை ஏறினாலும் இரவு ஏறினாலும் கூட மிதிக்க நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருப்பார்கள். வட்டோபியா என்கிற கற்பனைத் தீவுதான் அதன் முக்கிய உலகம். அங்கே ஆல்ப் டு ஸ்விஃப்ட் என்று ஓர் ஏற்றம் இருக்கிறது. பிரான்ஸின் ஆல்ப் துவேஸ் மலையைப் பார்த்துச் செய்தது, அதே 21 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 12 கிலோமீட்டரில் 1,000 மீட்டருக்கு மேல் ஏறும். மெய்நிகர் சைக்கிளோட்டத்துக்கு முதல் உலகச் சம்பியன்ஷிப் 2020 இல் ஸ்விஃப்டில்தான் நடந்தது.

வீட்டுக்குள் தனியாக மிதிப்பதில் சலிப்புதான் பெரிய எதிரி. பக்கத்தில் ஒருவர் நம்மைத் தாண்டிப் போகிறார் என்றால் கால் தானாக வேகம் எடுக்கும். பெப்ரவரிக்கு மலை ஏற வேண்டும் என்கிறீர்கள், அதற்கு மலை உள்ள செயலிதானே பொருத்தம்?

ஊவாக்_காற்று எழுதியது:

கண்டி அண்ணன் சலிப்பைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் கடைசி வரியில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஹட்டனில் இருப்பவருக்குத் திரையில் மலை எதற்கு? மலை வாசலிலேயே இருக்கிறது. நமக்கு இல்லாதது சமதரை.

கணக்கைப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைப்போம். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ 200 வாட் வேண்டும். தம்பியின் எஃப்டிபி, அதாவது ஒரு மணி நேரம்போல் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட் அளவு, 200 என்றால் அந்த ஏற்றத்தில் அவர் தன் உச்சத்திலேயே மிதிக்கிறார். அடித்தளம் போடுகிற இரண்டாம் வலயம், அதாவது நெடுநேரம் நிதானமாக மிதிக்கிற அளவு, எஃப்டிபியில் 56 முதல் 75 சதவீதம் வரை, அவருக்கு 112 முதல் 150 வாட். அதே ஏற்றத்தை 140 வாட்டில் ஏறப் பார்த்தால் வேகம் 7 கிலோமீட்டருக்கு வந்துவிடும். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் கியரில் அது நிமிடத்துக்கு 46 சுற்று மட்டுமே. முழங்காலுக்குக் கேடு.

பிறகு இறக்கம் வருகிறது. பெடலைத் தொடாமல் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குகிறோம். ஆக மலையகத்து வீதியில் நமக்குக் கிடைப்பவை இரண்டே நிலைதான், ஒன்று மூச்சு வாங்குவது, மற்றது சும்மா இருப்பது. நடுவில் உள்ளது, விடாமல் ஒரு மணி நேரம் ஒரே சீராக 85, 90 சுற்றில் மிதிப்பது, எங்கள் வீதியில் கிடைக்கவே கிடைக்காது. கொழும்புக்காரர் காலையில் வெளியே இறங்கினால் அவருக்கு அது சும்மா கிடைக்கிறது. வீதி தராததைத் தருவதற்குத்தான் ட்ரெய்னர்.

ஆகவே செயலியில் எத்தனை மலை இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். ஒழுங்கான பயிற்சித் திட்டம் இருக்கிறதா, எர்க் மோடில் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். எர்க் மோட் என்றால் 140 வாட் என்று வைத்துவிட்டால் நீங்கள் எந்தக் கியரில் எப்படி மிதித்தாலும் ட்ரெய்னர் 140 இலேயே பிடித்து வைக்கும். இந்த அளவுகோலில் பார்த்தால் என் முதல் தெரிவு ட்ரெய்னர்ரோட். 2011 முதல் இருக்கிறது. அதில் தீவு, மரம், ஆட்கள் எதுவும் கிடையாது, நீலக் கட்டங்களாக ஒரு வரைபடம் மட்டும்தான். 2021 இல் கொண்டுவந்த தகவமைப்பு முறையில், இன்றைய பயிற்சியை நீங்கள் எப்படி முடித்தீர்கள் என்று பார்த்து அடுத்த பயிற்சியைக் கூட்டிக் குறைக்கும். பழைய லெப்டொப்பே போதும். பயிற்சியை முன்பே ஏற்றி வைத்தால் நடுவில் இணையம் அறுந்தாலும் ஓடும்.

கண்டிச்_சக்கரம் எழுதியது:

சமதரை பற்றிச் சொன்னது இதுவரை நான் யோசித்துப் பார்க்காத கோணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊவா, ஸ்விஃப்டிலும் பயிற்சித் திட்டங்களும் எர்க் மோடும் இருக்கின்றன. வட்டோபியாவில் மணிக்கணக்காகச் சமதரையில் ஓடவும் பாதை இருக்கிறது. நீலக் கட்டத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் எத்தனை பேரால் இருக்க முடியும்? பயிற்சி நல்லதாக இருந்து என்ன, ஆள் ஏறாவிட்டால் பயன் இல்லையே.

தலவாக்கலை_தேயிலை எழுதியது:

நீங்கள் இருவரும் பேசுவது நல்ல விஷயம். நான் காசைப் பற்றிப் பேச வந்தேன். ஸ்விஃப்ட் 2024 இல் மாதக் கட்டணத்தை 15 டொலரிலிருந்து 20 டொலருக்குக் கூட்டியது. ட்ரெய்னர்ரோடும் ஏறத்தாழ அதே அளவுதான். டொலர் 300 ரூபா என்று பார்த்தாலே மாதம் 6,000 ரூபா. தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபா ஆனதும் அதே 2024 இல்தான். அன்றைய கணக்கில் நாலு நாள் மலையேறிக் கொழுந்து எடுத்தாலும் ஒரு மாதச் செயலிக்குக் காணாமல் இருந்தது. எங்கள் டிவிஷனில் நன்றாக மிதிக்கிற பெடியன்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 20 டொலர் கட்டு என்று என்னால் சொல்ல முடியாது.

மைவூஷ் முழுக்க இலவசம். அபுதாபிக்காரர்களின் செயலி. 2024 இல் மெய்நிகர் உலகச் சம்பியன்ஷிப் அதில்தான் நடந்தது, ஆகவே இலவசம் என்பதால் தரம் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். பயிற்சித் திட்டம், எர்க் மோட், கூட்டமாக ஓடுவது, போட்டி எல்லாம் இருக்கின்றன. குறை என்றால் பதிவிறக்கமே பல ஜிகாபைட். படங்கள் கனமானவை, பழைய லெப்டொப் திணறும். தம்பி அதை நள்ளிரவு டேட்டாவில் இறக்கி, முதலில் போனில் போட்டுப் பாருங்கள். சிறிய திரைதான், ஆனாலும் எண்கள் தெரிந்தால் போதுமே.

பதுளை_டீச்சர் எழுதியது:

நான் விடிவதற்கு முன் எழும்பி, பள்ளிக்கூடம் போவதற்குள் மிதித்து முடிக்கிறவள். பெண்பிள்ளைகள் அந்த நேரத்தில் தனியாக வீதியில் இறங்க முடியாது என்பதால் மழை இல்லாத மாதத்திலும் எனக்கு ட்ரெய்னர்தான் வீதி. ஆகவே நான் முதலில் கேட்பது, ஏறி உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் மிதிக்கத் தொடங்கலாம் என்பது. நாள்தோறும் பெரிய அப்டேட் கேட்கிற செயலி எனக்குச் சரிவராது. முப்பது, நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிகிற நல்ல பயிற்சிகள் நிறைய இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் ஊவா சொன்ன நீலக் கட்டம் எனக்கு ஒத்துவருகிறது. பாட்டை ஓடவிட்டுக் கொண்டு செய்தால் சலிப்பும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சத்தம். லயத்துக் காம்பராவில் நம் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அதிகாலையில் அங்கே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். டைரக்ட் டிரைவ் வாங்கியது நல்லது, டயர் உருளையில் உராய்கிற வகையைவிட எவ்வளவோ அமைதி. ஆனாலும் அதிர்வு தரை வழியாகப் போகும், மேல் மாடிப் பலகைத் தரை என்றால் கேட்கவே வேண்டாம். தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். ஸ்பிரின்ட் வருகிற போட்டிகளை மாலைக்கு வைத்துவிட்டு, காலையில் சீரான பயிற்சி மட்டும் செய்யுங்கள். அடுத்த வீட்டாரோடு மனக்கசப்பு வந்தால் எந்தச் செயலி வைத்திருந்தும் பயன் இல்லை.

நுவரெலியா_1868 எழுதியது:

யாரும் தொடாத ஒன்றை நான் சொல்கிறேன், உயரம். என் பெயரில் உள்ள எண்தான் எங்கள் ஊரின் உயரம், மீட்டரில். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சில் போகிற ஒட்சிசனும் அதே அளவு குறைகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் எஃப்டிபி கடற்கரையில் இருப்பதைவிடச் சில சதவீதம் கீழேதான் இருக்கும். செயலிகளுக்கு இது தெரியாது. போட்டியில் கொழும்பில் இருப்பவரும் நானும் ஒரே கோட்டில் நிற்போம், அவர் நெஞ்சுக்குப் போகிற காற்று வேறு, என் நெஞ்சுக்குப் போகிற காற்று வேறு. போட்டி முடிவைப் பார்த்து நம் பெடியன்கள் மனம் தளரக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

எஃப்டிபியை நீங்கள் மிதிக்கிற அறையிலேயே அளந்துகொள்ளுங்கள். கொழும்பில் அளந்த எண்ணை இங்கே போட்டால் ஒவ்வொரு பயிற்சியும் கொஞ்சம் கொஞ்சமாக அளவுக்கு மீறிப் போகும், சில வாரத்தில் உடம்பு சோர்ந்துவிடும். படிப்படியாக வாட் ஏறுகிற ராம்ப் சோதனை என்றால் கடைசி ஒரு நிமிடச் சராசரியில் 75 சதவீதத்தை எடுப்பார்கள். இருபது நிமிடச் சோதனை என்றால் 95 சதவீதம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எப்போதும் அதையே செய்யுங்கள். அளவிடும் முறை மாறினால் முன்னேற்றம் தெரியாது.

குளிரான ஊர் என்று மின்விசிறியை விட்டுவிடாதீர்கள். வீதியில் காற்று தானாக அடிக்கும், அறைக்குள் உடம்புச் சூடு போக வழியில்லை.

ஹட்டன்_மிதி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. சமதரை விஷயம் என் யோசனையையே மாற்றிவிட்டது. இரண்டு சந்தேகம் இருக்கிறது. காற்று அடித்தால் மரம் விழுந்து கரண்ட் போய்விடும், சில நேரம் மணிக்கணக்கில் வராது. இணையமும் அதோடு சேர்ந்து போகும். நடுப்பயிற்சியில் அப்படி நடந்தால் என்ன செய்வது? அப்புறம், நான் போகப்போகிற அதே வீதியைத் திரையில் ஓட வழி இருக்கிறதா?

கம்பளை_வயர் எழுதியது:

கரண்ட் விஷயம் முதலில். ட்ரெய்னர் குடிக்கிற மின்சாரம் மிகவும் குறைவு, வீட்டு இன்வேர்ட்டர் தாராளமாகத் தாங்கும். ரவுட்டருக்கு என்று சிறிய யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது, அதை மாட்டிவிடுங்கள். டாக்ஸ் நியோ வகை ட்ரெய்னர் என்றால் பிளக் இல்லாமலும் ஓடும், நாம் மிதிப்பதிலிருந்தே அதற்குத் தேவையான மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். மற்றவற்றில் பெரும்பாலானவை கரண்ட் போனால் செயலியின் சொல் கேட்காது.

இணையம் அறுந்தால் ஸ்விஃப்டில் மற்ற ஆட்கள் மறைந்துவிடுவார்கள், நீங்கள் தனியாக ஓடலாம், ஓட்டம் உங்கள் கருவியிலேயே பதிவாகி இருக்கும். அது இறக்கி முடித்த பிறகு டேட்டாவும் கொஞ்சம்தான் இழுக்கும். ரூவி அப்படி அல்ல, உண்மையான வீதிகளின் காணொளியில் ஓடுகிற செயலி அது, ஒரு மணி நேரத்துக்கு ஜிகாபைட் கணக்கில் போகும்.

முழுக்க இணையம் இல்லாமல் வேண்டும் என்றால் கோல்டன்சீட்டா இருக்கிறது. இலவசம், திறந்த மூலநிரல், பழைய லெப்டொப்பிலும் ஓடும். ட்ரெய்னரோடு கம்பியில்லாமல் இணைக்கிற ஆன்ட் பிளஸ் யூஎஸ்பி குச்சி ஒன்று வாங்கினால் ட்ரெய்னரை அதிலிருந்தே எர்க் மோடில் இயக்கலாம். பார்க்க அழகாக இருக்காது, பழக நேரம் எடுக்கும், ஆனால் நம்பலாம். பயிற்சிகளை இன்டர்வல்ஸ் ஐசியு தளத்தில் நீங்களே அமைத்துக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், அதற்கும் காசு இல்லை.

உங்கள் வீதியை ஓட: கார்மின் எட்ஜ் அல்லது வாஹூ எலமென்ட் மாதிரி சைக்கிள் கம்பியூட்டர் யாரிடமாவது இரவல் கிடைத்தால், ஹட்டன் பண்டாரவளை வீதியின் ஜிபிஎக்ஸ் கோப்பை, அதாவது வீதியின் தடமும் உயரமும் பதிந்த கோப்பை, அதில் போடுங்கள். அது நேரடியாக ட்ரெய்னரை இயக்கும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஏறுகிற சரிவு வரும்போது கால் அதை உணரும். படம் வராது, கோடு மட்டும்தான். முன்பு ஆர்ஜிடி என்ற செயலியில் எந்த ஜிபிஎக்ஸ் கோப்பையும் போட்டுப் பாதையாக மாற்றி ஓடலாம். 2022 இல் வாஹூ அதை வாங்கியது, 2023 இல் மூடிவிட்டார்கள். இந்தத் துறையில் செயலிகள் இப்படித் திடீரென்று மூடப்படும், விற்கப்படும், ஆகவே வருடச் சந்தா என்று மொத்தமாகக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டொரொண்டோவில்_மஸ்கெலியா எழுதியது:

ஊரை விட்டு வந்தாலும் இந்தப் பக்கம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே பனிக்காலம் முழுக்க ட்ரெய்னர்தான், நான் ரூவியில் ஓடுகிறேன், ஆல்ப்ஸ் வீதிகள் கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன. ஆனால் டேட்டா பற்றிக் கம்பளை சொன்னது சரி, வரம்பில்லாத இணையம் இல்லாதவருக்கு அது வேண்டாம். ஒரு வேண்டுகோள். கினோமப் என்ற செயலியில் பாவனையாளர்களே தாங்கள் ஓடிய வீதியின் காணொளியை ஏற்றலாம். யாராவது நல்ல வெயில் நாளில் புசல்லாவையிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியா ஏறுகிற வீதியைக் கமராவில் எடுத்து ஏற்றினால், தூரத்தில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம்.

ஊவாக்_காற்று எழுதியது:

வருடச் சந்தா வேண்டாம் என்பதோடு நானும் உடன்படுகிறேன், நம் ஊர்க் காலநிலையும் அதைத்தான் சொல்கிறது. ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதே மாதங்களில் எங்கள் பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று, வெயில், வீதி காய்ந்து கிடக்கும். எங்களுக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகுதான். ஒரே மலை, இரண்டு பக்கமும் இரண்டு பருவம். அவரவர் பக்கத்து மழை மாதத்துக்கு மட்டும் மாதச் சந்தா போட்டு, காய்ந்த மாதத்தில் நிறுத்திவிடலாம். ஸ்விஃப்டில் நிறுத்திவிட்டுத் திரும்பச் சேர்ந்தாலும் பழைய பதிவுகள் அப்படியே இருக்கும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவில் எத்தனை வீதிகள் போயின என்று எல்லாரும் பார்த்தோம். அப்படிப்பட்ட நேரத்தில் ட்ரெய்னர் கைகொடுக்கும், ஆனால் அதை முன்கூட்டித் திட்டமிட்டுச் சந்தா கட்ட முடியாது, இலவசச் செயலி ஒன்று எப்போதும் தயாராக இருப்பது நல்லது.

தம்பியின் பெப்ரவரி ஓட்டத்துக்கு வாரத்தில் மூன்று நாள் ட்ரெய்னர் போதும். ஒரு நாள் எஃப்டிபியில் 90 சதவீதம் அளவில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை, நடுவில் ஐந்து நிமிடம் ஆறுதல். மற்ற இரண்டு நாளும் இரண்டாம் வலயம், ஒரு மணி நேரத்தில் தொடங்கி மெல்ல இரண்டு மணிக்குக் கொண்டுபோங்கள். மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை வீதிக்குப் போங்கள், ஏற்றம் அங்கே பழகலாம்.

எர்க் மோடில் ஒன்றைக் கவனியுங்கள். மிதிக்கிற சுற்று குறைந்தால் அதே வாட்டைக் காக்க ட்ரெய்னர் இன்னும் இறுக்கும், இறுக்கினால் சுற்று இன்னும் குறையும், கடைசியில் கால் நின்றே போய்விடும். கடினமான கட்டம் தொடங்குவதற்குச் சில விநாடி முன்பே சுற்றைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். நின்றுவிட்டால் எர்க்கை அணைத்து, லேசாக மிதித்து, பிறகு போடுங்கள்.

கண்டிச்_சக்கரம் எழுதியது:

எர்க் இல்லாமல் ஸ்விஃப்டில் மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ட்ரெய்னர் டிஃபிகல்ட்டி என்ற அமைப்பு முதலில் 50 சதவீதத்தில் இருக்கும். 8 சதவீத ஏற்றம் காலுக்கு 4 மாதிரித் தெரியும். அதைக் குறைத்தாலும் கூட்டினாலும் மேலே போகத் தேவையான வாட் மாறாது, கியர் மாற்றுகிற உணர்வுதான் மாறும். நம் வீதிச் சரிவை உள்ளபடி உணர விரும்பினால் 100 இல் வையுங்கள்.

ஹட்டன்_மிதி எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். மைவூஷை இன்றிரவு போனில் இறக்குகிறேன், கூட்டம் வேண்டும் என்கிற நாளில் அது. லெப்டொப்பில் கோல்டன்சீட்டா, கரண்ட்டும் இணையமும் நம்ப முடியாத நாளுக்கு. ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்கு மட்டும் ட்ரெய்னர்ரோட் கட்டிப் பார்க்கப் போகிறேன். அது என் காலுக்கு ஒத்துவந்தால் மழை முடியும்வரை தொடர்வேன். ஸ்விஃப்ட் மோசம் என்று இல்லை, என் காசுக்கு எனக்கு வேண்டியது சமதரை என்று இப்போது தெளிவாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. ட்ரெய்னரோடு வந்த பல்சக்கரக் கசெட் 11 வேகத்துக்கானது, அதாவது 11 பல்சக்கரம் கொண்டது. என் சைக்கிள் 9 வேகம், ஷிமானோ. அப்படியே பாவிக்கலாமா?

கம்பளை_வயர் எழுதியது:

வேண்டாம் தம்பி, செயின் பல்லில் சரியாக உட்காராது, சத்தமும் வரும். 9 வேகக் கசெட் ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள். அது 11 வேக ஹப்பில் ஏற, பின்னால் 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்று போட வேண்டும். பாவித்த ட்ரெய்னர் என்பதால் பெட்டிக்குள் வளையம் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். கழற்ற செயின் விப்பும் கசெட் சாவியும் தேவை, இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கம்பளைப் பக்கம் வந்தால் மாற்றித் தருகிறேன்.